ஒரே தண்ணீரில் பட்டமும் பாயும் வலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்துக்காரன் நான். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை போட்டவர். ஒன்பது வருடமாக ராமேசுவரம் தீவின் கரைகளில் கைட் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறேன். காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டு அது. ஊரில் அதற்குப் பெயர் பட்டம். விண்ட்சர்ஃபிங்கைப் பாய்ப்பலகை என்போம். இரண்டுக்கும் ஒரே காற்று வேண்டும், அலை அடங்கிய ஒரே தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் வலை கிடக்கிறது, கடற்பாசி எடுக்கிற அக்காமார் மூழ்குகிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

கரையில் நிற்கும்போதும் வாட்ஸ்அப்பிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள்.

பட்டம், பாய்ப்பலகை ரெண்டும் காத்துலதானே ஓடுது? என்ன வித்தியாசம்?

பாய்ப்பலகையில் பாய் பலகையோடு சேர்ந்திருக்கும். கையை விட்டால் பாய் தண்ணீரில் சாயும், பலகை நின்றுவிடும். பட்டத்தில் இழுவை தலைக்கு மேலே, 20 முதல் 24 மீட்டர் நீளக் கயிறுகளின் நுனியில் இருக்கிறது. ஆள் விழுந்தாலும் பட்டம் பறந்துகொண்டே இருக்கும். சில நேரம் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையில் ஒரே தள்ளலில் இழுவையை அறுத்துவிடும் குயிக் ரிலீஸ் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பார்வையும் வேறு. பாய்ப்பலகைக்காரருக்குப் பாய் ஒரு பக்கத்தை மறைக்கும். நடுவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இருந்தாலும் உப்பு படிந்தால் மங்கிவிடும். பட்டக்காரருக்கு எதுவும் மறைக்காது, ஆனால் புதியவராக இருந்தால் கண் எப்போதும் வானத்தில்தான். எதிரே இருப்பவருக்கு எது தெரியாது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் ஒரே கடலில் ஓட்டுவதற்கு முதல் பாடம்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும்?

பாய்ப்பலகைக்கு நான்கைந்து மீட்டர். பட்டத்துக்கு, ஓட்டுகிறவரை நடுவில் வைத்துக் கயிறு நீளத்துக்குக் காற்று போகும் பக்கம் ஒரு அரைவட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பழகுகிறவர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

இந்தப் பக்கத்தில் "மேல்பக்கம்" என்றால் காற்று வரும் பக்கம், "கீழ்பக்கம்" என்றால் காற்று போகும் பக்கம். கடைசி வரை இப்படியேதான் எழுதியிருக்கிறேன்.

எந்த மாசம் எந்தக் கடல்ல ஓட்டணும்ணே?

நம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இரண்டுக்கும் நடுவில் ஒல்லியான மணல்திட்டுதான். மே முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வாடை. அப்போது தலைகீழ். ஊரில் அமைதியாகக் கிடக்கிற கடலைப் பெண்கடல் என்றும் குமுறுகிற கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள்.

அலை இல்லாத பக்கம்தான் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அலை இல்லாததற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதுதான். அங்கே ஏதாவது பழுது என்றால் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, வெளியே கொண்டுபோகும். இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

நீச்சல் தெரியாம பட்டம் கத்துக்கலாமா?

கூடாது. இடுப்பளவு தண்ணீர்தானே என்பார்கள். பட்டம் நான்கு நிமிடத்தில் உங்களை ஆளாழத்துக்குக் கொண்டுபோய்விடும்.

யாருக்கு யார் வழி விடணும்? ஒரு வரில சொல்லுங்க.

யாருக்குத் திரும்புவது கஷ்டமோ, யாருக்கு உங்களைப் பார்ப்பது கஷ்டமோ, அவருக்கு நீங்கள் வழி விட வேண்டும்.

குளிக்கிறவரும் மூழ்குகிறவரும் முதலில். தலை தண்ணீருக்குள் இருக்கும், வேகம் இல்லை. அடுத்து, வலை கடலில் இருக்கிற படகு. வலையை இழுத்துக்கொண்டு திடீரென்று திரும்ப முடியாது. 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கடல்வழி விதிகளும் இதையே சொல்கின்றன: மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்குப் பாய்மரக் கலம் விலக வேண்டும். அதற்கு அடுத்தது பலகையைத் தொலைத்துவிட்டு உடம்பால் இழுபட்டுத் தேடிக்கொண்டிருக்கும் பட்டக்காரரும் புதிதாகப் பழகுகிறவரும். தேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்ய வேண்டும் என்பது இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. பலரும் அடுத்த கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள், சண்டையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நேருக்கு நேர் ரெண்டு பேர் வந்தா யார் விலகணும்?

போகிற திசையைப் பார்த்து நின்றதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வலது தோளில் பட்டால் வழி உங்களுடையது. அதே திசையில் அதே வேகத்தில் போங்கள். இடது தோளில் பட்டால் விலக வேண்டியவர் நீங்கள். பாய்மரக் கப்பல் காலத்து விதி இது. பட்டத்துக்கும் பாய்ப்பலகைக்கும் பாய் கட்டிய வள்ளத்துக்கும் ஒன்றுதான்.

வழி உள்ளவர் தயங்கித் தயங்கி வளைந்தால் எதிரே வருகிறவருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. மரியாதைக்காக விலகப் போய் இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வழி என்றால் நேராகப் போவதுதான் நீங்கள் காட்டும் மரியாதை.

ஒரே பக்கமா போறோம், அவர் மேல்பக்கம், நான் கீழ்பக்கம். எப்படிக் கடக்கிறது?

மேல்பக்கம் இருப்பவர் பட்டத்தை உயரத் தூக்க வேண்டும், கீழ்பக்கம் இருப்பவர் பட்டத்தைத் தாழ்த்த வேண்டும். மேல்பக்கத்து ஆளின் கயிறு உங்கள் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். அவர் தாழ்த்தினால் அது உங்கள் கழுத்து உயரத்துக்கு வரும். முந்திப் போகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்; முன்னால் மெதுவாகப் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை.

பட்டக்காரரும் பாய்ப்பலகைக்காரரும் சந்திச்சா இதே விதிதானா?

வழி யாருக்கு என்பதில் மாற்றம் இல்லை. எந்தப் பக்கமாகக் கடப்பது என்பதில்தான் இரண்டு பேரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பட்டக்காரரின் ஆபத்து முழுக்கக் கீழ்பக்கத்தில் இருக்கிறது. பட்டம், கயிறு, விழுந்தால் இழுபட்டுப் போகும் பாதை எல்லாம் அங்கேதான். மேல்பக்கத்தில் அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் பாய்ப்பலகை மேல்பக்கமாகவும் பட்டம் கீழ்பக்கமாகவும் கடப்பது நல்லது. பட்டக்காரர் மேல்பக்கமாகப் போனால் அவருடைய கயிறு பாய்மரத்தின் தலைக்கு மேலே போகும். அந்த நொடியில் காற்று அடங்கினால் கயிறு நேராகப் பாயில் விழும்.

பாய்ப்பலகைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டக்காரர் கீழே விழுந்து கிடக்கிறார், பட்டமும் தண்ணீரில் கிடக்கிறது என்றால் நடுவில் புகுந்து போகாதீர்கள். பட்டம் திடீரென்று எழும்பும். அப்போது தண்ணீரில் தளர்ந்து மிதந்த கயிறு கம்பியாக விறைத்துவிடும். அது விரலில் மாட்டினால் சதை வரை அறுக்கும்.

கரையில இருந்து இறங்கறவருக்கு வழியா, கரைக்கு வர்றவருக்கா?

இறங்குகிறவருக்கு. கரையோரம் காற்று துண்டு துண்டாக அடிக்கும், காலடியில் கல்லும் சிப்பியும் கிடக்கும், பின்னால் ஆட்கள் நிற்பார்கள். வருகிறவர் கடலில் இன்னொரு சுற்றுப் போகலாம். பட்டத்தை இறக்கப் பிடிக்க ஆள் வேண்டும் என்றால் உள்ளங்கையால் தலையில் தட்டிக் காட்டுங்கள். ஏற்றத் தயார் என்றால் கட்டைவிரலை உயர்த்துங்கள். இந்த இரண்டு சைகையும் எல்லா நாட்டிலும் ஒன்று.

குதிக்கிறவங்களுக்குத் தனி விதி இருக்கா?

இருக்கிறது. மேல்பக்கம் 30 மீட்டர், கீழ்பக்கம் 50 மீட்டர் காலியாக இருந்தால் மட்டும் குதிக்கலாம். குதித்தவர் கிளம்பிய இடத்தில் இறங்க மாட்டார், கீழ்பக்கமாகத்தான் போய் விழுவார். கரையில் படம் எடுக்கிற கூட்டத்துக்காக அவர்களை ஒட்டிக் குதிப்பவரை நான் உடனே வெளியே வரச் சொல்லிவிடுவேன். அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

பனிமலையில ஸ்கீ ஓட்டுறவங்களுக்கும் ஸ்னோபோர்டு ஓட்டுறவங்களுக்கும் சண்டை வருமாமே, இங்கயும் அப்படித்தானா?

காஷ்மீரின் குல்மார்க் போய்வந்த பரமக்குடித் தம்பி ஒருவர் கேட்டது. பொருத்தமான கேள்வி. ஸ்கீ ஓட்டுகிறவர் இரண்டு காலிலும் தனித்தனிப் பலகை மாட்டிச் சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறார். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில். பக்கவாட்டில் நிற்பதால் முதுகுப் பக்கம் தெரியாது. வளையும் விதமும் வேறு. அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் என்ற மூன்று இடங்களில் இன்றும் ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை. மற்ற இடங்களில் இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டுகிறார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டும் சேர்ந்துவிட்டது.

அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு எளிய விதி. பின்னாலிருந்து, மேலிருந்து வருகிறவர்தான் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஒதுங்க வேண்டும். பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து விதிகளில் இதுவும் ஒன்று. காலில் என்ன மாட்டியிருக்கிறாய் என்று அந்த விதி கேட்பதில்லை, கண்ணுக்கு யார் தெரிகிறார் என்றுதான் கேட்கிறது. ஐந்தாவது பதிலில் நான் சொன்னதும் இதுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பனிச்சரிவில் இருப்பவர்கள் எல்லோரும் விளையாட வந்தவர்கள். நம் கடலில் அப்படி இல்லை.

எங்க தொழில் பண்ற இடத்துல உங்க வெளையாட்டு எதுக்கு தம்பி?

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் நேராகக் கேட்டது. அவர் கோபத்தில் கேட்கவில்லை. அன்று காலை இரண்டு பட்டங்கள் அவர் வலைக்கு மேலே போய்வந்திருந்தன.

அய்யா, உங்கள் இடம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. கடலைப் பங்கிடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பாக் நீரிணையில் பல வருடமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய தொழிலே நாள் பிரித்துக்கொண்டு நடக்கும்போது, விளையாட்டு நேரம் பிரித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. எங்கள் வழக்கம் இது: காலையில் வலை எடுத்து முடியும் வரை பட்டம் ஏற்றுவதில்லை. எந்தப் பகுதியில் வலை கிடக்கிறது என்று முதல் நாள் மாலையே கேட்டுக்கொள்கிறோம். கேட்காமல் இறங்குகிறவரைப் பார்த்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் போய்ப் பேசுகிறேன்.

இன்று இங்கே பட்டம் சொல்லிக்கொடுப்பவர்களில் மீனவ வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறோம். காற்றைப் படிக்க எங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தரவில்லை.

வலை எங்க கெடக்குன்னு வெளியூர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்?

நண்டு வலை அடியில் கிடக்கும். அடையாளத்துக்கு மேலே ஒரு தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் கேனோ, சில நேரம் கொடி கட்டிய மூங்கிலோ மிதக்கும். ஒரு மிதவை தெரிந்தால் இன்னொன்றைத் தேடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே வலை இருக்கிறது. பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு (ஃபின்) முழங்கால் ஆழத்தில் வலையைப் பிடித்துவிடும்.

கரைவலை வேறு மாதிரி. படகு ஒன்று கடலில் அரைவட்டமாகப் போய் வலையை விட்டுவிட்டுத் திரும்பும். கரையில் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று கயிற்றை இழுக்கும். மேலே பார்த்தால் தண்ணீர் வெறுமையாகத்தான் தெரியும், ஆனால் அந்த அரைவட்டம் முழுவதும் மூடிய இடம். வரிசையாக ஆட்கள் சாய்ந்து இழுப்பதைப் பார்த்தாலோ, வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு காதில் விழுந்தாலோ, மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வரும் வரை அந்தப் பக்கம் போகக் கூடாது. கயிற்றைத் தாண்டி நடப்பதென்றாலும் கேட்டுவிட்டு நடங்கள். கேட்டால் ஒரு கை கயிற்றை மண்ணோடு அழுத்திப் பிடித்து உங்களைப் போகச் சொல்லும்.

பாசி எடுக்கிற அக்காமாருக்கு நம்ம வர்றது தெரியுமா?

தெரியாது. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமான விஷயம். அவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி மூச்சடக்கி மூழ்குகிறார்கள். விரலில் துணி சுற்றியிருக்கும், கல் குத்தாமல் இருக்கக் காலில் தகடு கட்டியிருப்பார்கள், இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கப் பாறையோரத்தில் குனிந்தால், தண்ணீருக்கு மேலே எதுவும் தெரியாது. பக்கத்தில் நங்கூரம் போட்ட படகு, மிதக்கும் பெட்டி, இவைதான் அடையாளம். ஆளில்லாத படகு ஒன்று நின்றால் சுற்றிலும் தலைகள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்குள் போகாதீர்கள்.

மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். பாசி வளர விட வேண்டும் என்பதற்காக. அந்த 12 நாளில் நாம் அவர்களைத் தொந்தரவு செய்தால் அது நேராகக் கூலியில் விழும் அடி. எந்தெந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அன்று வேறு இடம் போங்கள்.

தண்ணில சதுரம் சதுரமா மூங்கில் மெதக்குதே, அதுக்கு நடுவுல போகலாமா?

கூடாது. அது கப்பாஃபைகஸ் பாசி வளர்க்கும் தெப்பம். 3 மீட்டருக்கு 3 மீட்டர் சட்டம், அதில் கயிறு கட்டி விதைப்பாசி முடிந்திருப்பார்கள். 45 நாளில் அறுவடை. நங்கூரக் கயிறுகள் தெப்பத்தைவிடத் தள்ளிப் போயிருக்கும், அவை மேலே தெரியாது. ஒன்று அறுந்தால் வாடையில் வரிசை முழுவதும் கரை ஒதுங்கும்.

படகு வலை போடல, சும்மா எஞ்சின்ல போகுது. சட்டப்படி எஞ்சின்தானே பாய்க்கு விலகணும்?

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. திறந்த கடலில் எஞ்சின் கலம் பாய்க்கலத்துக்கு விலக வேண்டும். ஆனால் அதே விதிகள், ஒடுங்கிய வாய்க்காலில் பாய்க்கலம் மற்றவர்களின் வழியை மறிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. நம் கரையோரம் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடம்தான். படகுக்காரர் போகும் கோடு அவருக்குத் தெரிந்த ஆழக் கோடு. அதை விட்டு விலகினால் மணலில் தட்டும், எஞ்சின் விசிறி உடையும். உங்கள் பலகை ஒரு அடித் தண்ணீரிலும் ஓடும். திரும்புவது யாருக்குக் கஷ்டம் என்று மறுபடி கேட்டுப் பாருங்கள்.

தவிர, ஐஸும் மீனும் ஏற்றி வருகிறவருக்கு ஏலத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. விலகி, கையைத் தூக்கிக் காட்டுங்கள். மறுநாள் அவர் தானாகவே தூரத்தில் வேகத்தைக் குறைப்பார். எனக்கு அது நடந்திருக்கிறது.

வழி எனக்குத்தான். எதிர்ல வர்றவரு விலகவே இல்ல. நேரா போகணும்னு நீங்கதான சொன்னீங்க?

சொன்னேன். அவர் விலகப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அது பொருந்தாது. முதலில் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். பாய் மறைத்திருக்கலாம், புதியவராக இருக்கலாம், கடல்வழி விதி என்று ஒன்று இருப்பதே தெரியாதவராகவும் இருக்கலாம். இரண்டு கயிறு தூரம் வந்தும் மாற்றமில்லை என்றால் பட்டத்தை உச்சிக்குத் தூக்கி நின்றுவிடுங்கள். நிற்பதுதான் வளைவதைவிடப் பாதுகாப்பு. கரையில் போய்ப் பேசிக்கொள்ளலாம். "உனக்கு ரூல்ஸ் தெரியாதா" என்று தொடங்காமல் "நான் வந்தது தெரிஞ்சுச்சா அண்ணே" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

ரெண்டு பட்டம் சிக்கிக்கிச்சு. மொதல்ல என்ன பண்ணணும்?

கயிற்றைக் கையால் பிடிக்காதீர்கள், கையில் சுற்றாதீர்கள். இரண்டு பேரும் குயிக் ரிலீஸைத் தள்ளி இழுவையை விடுங்கள். அப்படியும் ஒரு பட்டம் சுழன்று இழுத்தால், பட்டத்தை உங்களோடு பிணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். பட்டம் போனால் போகட்டும். யார் தவறு என்ற பேச்சு தண்ணீரில் வேண்டாம்.

வலை கிழிஞ்சிருச்சு. காசு குடுத்துட்டாப் போதுமா?

காசு கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதோடு முடியாது. நான் மூன்றாவது வருடம் ஓட்டும்போது, என் மாணவரைக் காப்பாற்றும் அவசரத்தில் மிதவையைக் கவனிக்காமல் ஒரு நண்டு வலையின் மேலே இறங்கிவிட்டேன். பலகையின் துடுப்பு மாட்டி இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நீளத்துக்குக் கிழிந்தது. வலைக்காரரிடம் போய்ச் சொன்னேன், பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "உக்காரு" என்றார். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் நைலான் நூலைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாகக் கட்டினார். கிழிந்த ஓரத்தை விரித்துப் பிடிப்பது என் வேலை. மதியம் தாண்டியும் முடியவில்லை. அன்று அவர் கடலுக்குப் போகவில்லை.

வலை விலை என்னவோ அதுவும், அந்த ஒரு நாள் தொழிலும் சேர்ந்ததுதான் நட்டம். இரண்டையும் கொடுங்கள். ஓடிப்போனால் அடுத்து வருகிற எல்லாப் பட்டக்காரருக்கும் அந்தக் கரை மூடிவிடும்.

பூநாரை வந்திருக்குன்னு பட்டம் விட வேணாம்னு சொல்றாங்க. பறவைக்கும் பட்டத்துக்கும் என்ன?

குளிர்காலத்தில் தனுஷ்கோடிச் சதுப்புத் தண்ணீரில் பெரும்பூநாரைகள் கூட்டமாக இறங்கும். 2025 ஜூனில் அங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நமக்கு வாடைக்காற்றுக் காலமும் அவற்றின் வருகையும் ஒன்றாக வருகின்றன, ஆழமில்லாத தண்ணீர்தான் இரண்டு பேருக்கும் வேண்டும். பத்து சதுர மீட்டர் நிழல் வானத்தில் நகர்ந்தால் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும். வெகுதூரம் பறந்துவந்து இரை தேடி உடம்பு தேற்றிக்கொள்ளும் பறவை, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தின்றதைச் செலவழிக்கிறது. அந்தப் பகுதியில் பட்டம் வேண்டாம். இதில் நடுவழி எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

பட்டத்துலயே ஏதாவது ஒரு தீவுக்குப் போயிட்டு வரலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. பவளப்பாறை மேலே ஒரு கால் வைத்தால் பல வருட வளர்ச்சி உடையும். வடகடலில் ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் தரையிலும் அப்படித்தான். காலால் உழுதுகொண்டு நடக்காமல் தண்ணீர் இடுப்பளவு வந்ததும் பலகையில் ஏறிவிடுங்கள்.

அக்னி தீர்த்தம் பக்கத்துல, அரிச்சல்முனைல ஓட்டலாமா?

அக்னி தீர்த்தத்தில் வருடம் முழுவதும் ஆட்கள் தீர்த்தமாடுகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கரையே தெரியாது. தேவிபட்டினம், சேதுக்கரையும் அப்படித்தான். அங்கெல்லாம் பட்டமும் வேண்டாம், பாய்ப்பலகையும் வேண்டாம். பித்ருக்களுக்காகக் கண்ணை மூடி முங்குகிறவரை விலகு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

அரிச்சல்முனையில் இரண்டு கடல் சேர்கின்றன. நீவாடு, அதாவது நீரோட்டம், கடுமை. மணல் நாளுக்கு நாள் இடம் மாறும். 2017-இல் சாலை வந்த பிறகு கூட்டமும் அதிகம். அங்கே போவது பார்ப்பதற்கு மட்டும்.

துடுப்புப் பலகை, கயாக் ஓட்டறவங்க எங்க போகணும்?

நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டுவது துடுப்புப் பலகை. அவர்கள் வேகம் குறைந்தவர்கள், ஆகவே எல்லோரும் அவர்களுக்கு விலகுவார்கள். ஆனாலும் பட்டம் பழகும் இடத்தின் கீழ்பக்கத்தில் நிற்காதீர்கள். பிரப்பன்வலசை, அரியமான் பக்கம் காலையில் காற்று ஏறுவதற்கு முன் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த நேரம் உங்களுடையது. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் பட்டமே வர முடியாது, அங்கே கயாக் நிம்மதி.

கச்சான் அடிக்கும்போது வடகடல்ல மாட்டிக்கிட்டேன், கரைக்கு வர முடியல. யாரைக் கூப்பிடறது?

மூன்றாவது பதிலில் சொன்ன ஆபத்து இதுதான். கச்சான் உங்களை வடகிழக்கே தள்ளும். அந்தப் பக்கம் 1974-இல் ஒப்பந்தமான இந்திய-இலங்கை எல்லைக் கோடு இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட காற்றில் கரையில் ஒருவர், எழும்பத் தயாராக ஒரு படகு, இரண்டும் இல்லாமல் ஓட்டவே கூடாது. போனை நீர்புகாத உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

பட்டத்தையோ பாய்ப்பலகையையோ விட்டுவிட்டு நீந்தாதீர்கள்; மிதப்பதும் அதுதான், தூரத்திலிருந்து தெரிவதும் அதுதான். இரண்டு கையையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். நம் கடலில் முதலில் வருவது அநேகமாக ஒரு நாட்டுப்படகுதான். வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கரை சேர்ந்ததும் டீசலுக்கும் அன்றைய தொழிலுக்கும் நீங்களாகவே கேட்டுக் கொடுங்கள். படகு நெருங்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கயிறு முழுவதையும் பார் என்னும் கைப்பிடிக் கம்பியில் சுற்றி முடிக்கும் வரை கையைக் காட்டித் தூரத்திலேயே நிறுத்துங்கள், எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். தளர்ந்து மிதக்கும் கயிறு விசிறியில் சுற்றினால், கரை சேர முடியாத ஆள் ஒருவரோடு நிற்காது. படகில் வந்தவர்களும் உங்களோடு சேர்ந்து காற்றில் போவார்கள்.